செங்கல் குதிச்சிருச்சு சார்!

ஒரு செங்கல் எப்போது நகரும் என்று நாற்பது பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்ததை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்! காலாண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில், எங்கள் ஒன்பதாம் வகுப்பில், மூலை உடைந்த ஒரு சூளைச் செங்கல்லைச் சுற்றி நின்றுகொண்டு! அன்றையிலிருந்து இதை யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. வீட்டில் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. டீக்கடையில் சொல்லிவிட்டேன். நாகப்பட்டினம் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவரிடம்கூடச் சொன்னேன். மனிதர் இறங்கவேண்டிய நிறுத்தத்தையும் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார். இப்போது உங்கள் முறை.

பாடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாறைக்கோளம், புவி அகச்செயல்முறைகள். புவித்தட்டுகள் நகர்கின்றன, அதனால் நிலநடுக்கமும் எரிமலையும் உண்டாகின்றன. நான் படித்த காலத்தில் இது ஒரு வரி, இரண்டு மதிப்பெண். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு பெரிய கூத்து ஒளிந்திருக்கிறது என்று எனக்கு யாரும் திறந்து காட்டவில்லை. நான் காட்டப்போகிறேன் என்கிற பரபரப்பில் முந்தின ராத்திரி தூக்கமே வரவில்லை. ஹார்டுவேர் கடையில் இருப்பதிலேயே கரடுமுரடான உப்புத்தாளாகப் பார்த்து வாங்கி பெஞ்சின் மேல் நீளமாக ஒட்டினேன். செங்கல்லின் அடியிலும் ஒரு தாள். செங்கல்லைச் சணல் கயிற்றால் கட்டி, கயிற்றின் நுனியில் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி முடிந்தேன். பெஞ்சின் ஓரத்தில் தீப்பெட்டிகளை அடுக்கி ஒரு மாடிவீடு. அவ்வளவுதான் சாமான்!

இப்போது நீங்களும் அந்த வகுப்புக்குள் வந்து நில்லுங்கள். ஒரு பெண்பிள்ளை டியூபின் நுனியைப் பிடித்து, எறும்பு ஊர்கிற மாதிரி மெதுவாக இழுக்கிறாள். டியூப் நீள்கிறது. செங்கல் அசையவில்லை. இன்னும் இழுக்கிறாள். டியூப் மெலிந்து, வெளிறி, விண்ணென்று நிற்கிறது, செங்கல்லோ கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது, பின்வரிசைப் பையன்கள் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள், யாரோ ஒருவன் "அறுந்துரும் சார்" என்று கிசுகிசுக்கிறான், எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது, டபக்! செங்கல் ஒரு சாண் தூரம் தாவி, கர்ரக்கென்று உப்புத்தாளில் உரசி நின்றது, பெஞ்சு அதிர்ந்தது, தீப்பெட்டி மாடிவீடு பொலபொலவென்று சரிந்தது, "செங்கல் குதிச்சிருச்சு சார்!" என்று வகுப்பே போட்ட கத்தலில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

இதுதான்யா நிலநடுக்கம்! தட்டுகள் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டேதான் இருக்கின்றன, அந்தப் பெண்ணின் கை மாதிரி நிற்காமல். ஆனால் இரண்டு தட்டும் உரசுகிற இடத்தில் பாறையைப் பாறை கவ்விக்கொண்டு நகர மறுக்கிறது. பாறையே ரப்பர் மாதிரி வளைந்துகொடுக்கிறது. ஐம்பது வருஷம், நூறு வருஷம், ஐந்நூறு வருஷம் வளைந்து வளைந்து, தாங்கமுடியாத ஒரு நொடியில் பிடி நழுவுகிறது. 1906-இல் சான் பிரான்சிஸ்கோ குலுங்கியபோது நேராகப் போட்டிருந்த வேலிகள் துண்டாகி, பல அடி தள்ளிப் போய் நின்றன. அதையெல்லாம் ஆராய்ந்து பார்த்துத்தான் ஹாரி ஃபீல்டிங் ரீட் என்கிற அறிஞர் இந்த உண்மையைப் பிடித்தார். அவர் பிடித்ததை எங்கள் பிள்ளைகள் ஒரு செங்கல்லில் பிடித்தார்கள்!

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் பந்தயம். எப்போது குதிக்கும்? "இப்ப!" "இன்னும் நாலு விரக்கடை!" "நான் பத்து எண்ணுறதுக்குள்ள!" ஒரு பையன் ஒவ்வொரு குதிக்கும் சாக்பீஸால் கோடு போட்டு அளந்தான். 3 செ.மீ., 2 செ.மீ., மறுபடி 3, திடீரென்று 17. சின்னக் குதி நிறைய, பெரிய குதி எப்போதாவது, பூமியிலும் அப்படியேதான். ஒருவர்கூட இரண்டு தடவை சரியாகச் சொல்லவில்லை. அப்போது ஜன்னலோரம் நிற்கிற, வாயே திறக்காத ஒரு பையன் கேட்டான்: "இழுக்கிறதே நாமதான். நமக்கே எப்ப குதிக்கும்னு தெரியலையே, பூமிக்குள்ள நடக்கிறதை எப்படி சார் நாள் குறிச்சுச் சொல்லுவாங்க?" அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிவரலாமா என்று இருந்தது எனக்கு! எங்கே வரும் என்று சொல்லலாம், எவ்வளவு பெரிதாக வரலாம் என்று ஓரளவு கணக்குப் போடலாம், எந்தத் தேதியில் என்று மட்டும் சொல்ல முடியாது. உலகத்து நிலநடுக்க ஆய்வாளர்கள் எல்லோரும் சொல்கிற பதில் இது. கேள்வி கேட்ட வாயாலேயே பதிலையும் சொல்லிவிட்டான் பிள்ளை.

மறுநாள் வரைபடம். ஐயோ, அந்த வரைபடத்தை எப்படிச் சொல்வேன்! நாலு சார்ட் தாள்களை ஒட்டி உலகப்படத்தின் வெறும் விளிம்புக்கோட்டைப் போட்டுத் தரையில் விரித்தேன். தட்டு, எல்லை என்று ஒரு சொல் அதில் கிடையாது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலநடுக்கப் பட்டியலை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அதிலிருந்து 5-க்கு மேற்பட்ட அளவில் நடந்தவற்றை ஆளுக்கு 20 வீதம் எழுதிக் கொடுத்தேன். அட்சக்கோடு, தீர்க்கக்கோடு மட்டும். நாற்பது பேர், 800 புள்ளி. முதல் பத்து நிமிஷம் படம் கொசு மொய்த்த மாதிரி இருந்தது. "என்ன சார் இது, ஒண்ணும் தெரியலையே" என்றார்கள். வையுங்க, வையுங்க என்றேன். நூறு புள்ளி, இருநூறு புள்ளி, ஜப்பானை ஒட்டி ஒரு கும்பல், தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு சரம், நானூறு, அட்லாண்டிக் நடுவே யாருமே இல்லாத கடலில் ஒரு பையன் புள்ளி வைத்துவிட்டு "தப்பா வெச்சுட்டேன் போல சார்" என்று அழிக்கப் போனான், "அழிக்காதடா!" என்று நான் கத்தினேன், அதே நீரில் இன்னொருத்தி வைத்தாள், அதற்குக் கீழே இன்னொருவன், ஐந்நூறு, அறுநூறு, திடீரென்று ஒருத்தி எழுந்து நின்று இரண்டடி பின்னால் போய்ப் பார்த்து, "சார், கோடு! கோடு தெரியுது சார்!" என்றாள். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். உண்மையிலேயே கோடு! யாரும் வரையாத கோடு, பசிபிக்கைச் சுற்றி மாலை போட்ட மாதிரி ஒரு கோடு, அட்லாண்டிக்கின் நடு முதுகில் இரண்டு கரைகளின் வளைவையும் அப்படியே ஒத்து நெளிந்து போகிற கோடு, சுமத்ராவிலிருந்து அந்தமான் வழியாக மேலே ஏறி இமயமலையின் காலடியில் படுத்துக்கொள்கிற கோடு. பூமியின் ஓட்டுக்கு எங்கெங்கே விரிசல் இருக்கிறது என்று பூமியே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன மாதிரி. என் கண் கலங்கிவிட்டது, ஒளிக்கவா போகிறேன்?

அந்த இடத்தில் மேரி தார்ப் கதையைச் சொல்லாமல் யாரால் இருக்க முடியும்? 1950-களில் நியூயார்க்கில், கடலின் ஆழக் கணக்குகளை வைத்து அட்லாண்டிக்கின் அடித்தரையைப் படமாக வரைந்துகொண்டிருந்த பெண். பெண் என்பதால் அப்போது ஆராய்ச்சிக் கப்பலில் ஏற அனுமதியில்லை. ஆண்கள் கொண்டுவந்து கொடுத்த எண்களை மேஜையில் உட்கார்ந்து கோடாக்கினார். கடலடி மலைத்தொடரின் உச்சியில் நீளவாக்கில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுகிறது என்று கண்டு சொன்னார். கூட வேலைபார்த்த ப்ரூஸ் ஹீசன் முதலில் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார். பக்கத்து மேஜையில் இன்னொருவர் அதே அளவுத்திட்டத்தில் நிலநடுக்கப் புள்ளிகளை வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால், புள்ளிகள் போய் மேரியின் பள்ளத்தாக்கிலேயே விழுந்திருந்தன! கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் சொன்ன ஆல்ஃபிரட் வெக்னரை உலகம் நம்ப மறுத்தது. அவர் 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் இறந்தும் போனார். அவர் சொன்னதை உலகம் திரும்பிப் பார்க்க இந்தப் படங்கள்தான் வழிவிட்டன. இதைச் சொல்லி முடித்தபோது, கோட்டைக் கண்டுபிடித்த பெண் ஸ்கெட்ச் பேனாவைக் கீழே வைக்கவே இல்லை, கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எரிமலைகளுக்கு ஸ்டிக்கர் பொட்டு. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பட்டியலிலிருந்து நூறு எரிமலை, நூறு சிவப்புப் பொட்டு, ஃபேன்சி ஸ்டோரில் வாங்கியது. ஒட்ட ஒட்டப் பொட்டும் அதே கோட்டின் மேல்தான் போய் உட்கார்ந்தது. நம் இந்தியாவுக்கு ஒரு பொட்டு வந்தபோது கைதட்டல்! பாரன் தீவு. மரக்காணம் கடற்கரையிலிருந்து நூல் பிடித்த மாதிரி நேர் கிழக்கே போய் அந்தமானையும் தாண்டினால், கடலுக்குள்ளிருந்து புகைந்துகொண்டு நிற்கிறது. நீண்ட உறக்கத்துக்குப் பிறகு 1991-இல் விழித்துக்கொண்டது, அதற்குப் பிறகும் பலமுறை கக்கியிருக்கிறது. ஆனால் பிள்ளைகளின் கண் சும்மா இருக்குமா? "ஹவாய்ல மட்டும் ஒத்தைப் பொட்டு நடுக்கடல்ல கிடக்கே சார்?" அது வேறு கதைடா, கீழே ஆழத்திலிருந்து ஒரு வெப்ப ஊற்று எழும்பி, மேலே போகிற தட்டைத் துளைக்கிறது என்றேன். அடுத்த கேள்வியில்தான் நான் சொக்கிப்போனேன். "இமயமலையில இத்தனை புள்ளி இருக்கு. ஒரு பொட்டுகூட இல்லையே?"

எரிமலைக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்கே முதலில் படித்தபோது நம்ப முடியவில்லை. பூமிக்குள்ளே முழுக்கக் கொதிக்கிற குழம்பு என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லவே இல்லை, புவிக்கவசம் பெரும்பாலும் கெட்டிப் பாறை. ரொம்பச் சூடான, கோடிக்கணக்கான வருஷத்தில் தார் மாதிரி நெளிந்து நகர்கிற கெட்டிப் பாறை. கடலடித் தட்டு ஒன்று இன்னொன்றின் அடியில் புதையும்போது, யுகம் யுகமாகக் கடலில் ஊறிய நீரைத் தன் கனிமங்களுக்குள் பூட்டிவைத்து உள்ளே எடுத்துக்கொண்டு போகிறது. 100 கிலோமீட்டர் ஆழம்போல் போனதும், அழுத்தத்திலும் சூட்டிலும் அந்த நீர் கசிந்து மேலேறுகிறது. மேலே இருக்கிற சூட்டுப் பாறையில் நீர் பட்டவுடன் அது உருகும் வெப்பநிலை தடதடவென்று இறங்கிவிடுகிறது, கெட்டியாக இருந்த பாறை இளகிப் பாறைக்குழம்பாகி மேலே கிளம்புகிறது. இமயமலையில் மோதுவது இரண்டும் கண்டத் தட்டு. நீர் சுமந்து ஆழத்துக்குப் புதைகிற கடல்தரை இப்போது அங்கே இல்லை. அதனால் மலை உண்டு, நடுக்கம் உண்டு, பொட்டு இல்லை! சத்துணவுக்கூடத்து அக்கா வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வெறுஞ்சட்டில வெல்லத்தைப் போட்டா அடிதான் பிடிக்கும் சார், ஒரு கை தண்ணி தெளிச்சா உடனே இளகிரும்ல" என்றார். பாறை உருகுவதும் வெல்லம் கரைவதும் ஒன்றில்லைதான், தெரியும். ஆனாலும் அந்த உவமையை நான் எந்தப் புத்தகத்துக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆப்பசோடாவில் எலுமிச்சை பிழிந்து நுரைக்கவைக்கிற எரிமலை மாதிரியை அறிவியல் கண்காட்சியில் எல்லோரும் செய்கிறார்கள், பார்க்க அழகுதான். நான் வாங்கிவந்தது கோலிசோடா! நன்றாகக் குலுக்கி, கட்டைவிரலால் கோலியை அழுத்தினால், டொப்! முதல் வரிசை நனைந்தது, பன்னீர் வாசனை வகுப்பெல்லாம் பரவியது, கரும்பலகையில் இருந்த தேதி அழிந்தது. அழுத்தத்தில் கரைந்து அடங்கியிருந்த வாயு, அழுத்தம் விட்டதும் குமிழாகப் பாய்ந்து திரவத்தையும் தள்ளிக்கொண்டு வருகிறதே, எரிமலை வெடிப்பதும் அப்படியே. குழம்பு தண்ணியாக இருந்தால் வாயு லேசாகப் பிரிந்துவிடும், ஹவாய் மாதிரி ஆறாக ஓடும். வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக இருந்தால் வாயு மாட்டிக்கொண்டு மலையையே பிளக்கும். 1883 ஆகஸ்ட் 27 அன்று கிரகடோவா எரிமலை வெடித்த சத்தம் ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர் தள்ளி ரோட்ரிக்ஸ் தீவில் கேட்டது, கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் உள்ள தூரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல்! தூரத்தில் பீரங்கி சுடுகிறார்கள் என்று நினைத்தார்களாம்.

கடைசி நாள் சுனாமி. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர், அடியில் ஒரு பலகை. பலகையைப் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுத்தால் தண்ணீர் லேசாகச் சலசலத்தது. வெடுக்கென்று மேலே தூக்கினால் தொட்டி விளிம்பைத் தாண்டி என் சட்டை நனைந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் நடுங்கியது, சென்னையில் ஜனங்கள் கட்டடங்களை விட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார்கள், பெரிய அலை வரவில்லை. அது பக்கவாட்டு நகர்வு. 2004 டிசம்பர் 26 அன்று நடந்தது மற்றது, மேலே தூக்கியது. காலை 6:29 மணி, 9.1 அளவு, சுமத்ராவிலிருந்து அந்தமான்வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிடி நழுவியது. வளைந்து கிடந்த மேல்தட்டின் விளிம்பு துள்ளி எழும்பியது, அதன் முதுகுப்பக்கம் தாழ்ந்தது. கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. வடக்கே அந்தமானின் மேற்குக் கரையில் பவளப்பாறைகள் கடலை விட்டு வெளியே வந்தன. இதை நான் பிளாஸ்டிக் ஸ்கேலை வளைத்துவிட்டுக் காட்டினேன். எழும்பிய பக்கம் நம்மைப் பார்த்திருந்தது, அதனால் நமக்கு முதலில் வந்தது மேடு. தாழ்ந்த பக்கம் தாய்லாந்தைப் பார்த்திருந்தது, அதனால் அங்கே முதலில் கடல் உள்வாங்கியது. கடல் உள்வாங்கினால்தான் அலை வரும் என்று எங்கள் ஊரில் யாரும் காத்து நிற்கக்கூடாது என்பதை நான் மூன்று தடவை சொல்ல வைத்தேன்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. எங்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, ஆனாலும் மாலை போட்ட படம் தொங்காத வீடு அந்த வகுப்பில் குறைவு. மீனவர் குடியிருப்பிலிருந்து வருகிற பையன் ஒருவன், "6:29-க்கு அங்கே நடுங்குச்சு, இங்கே எப்ப சார் வந்துச்சு?" என்றான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று என்றேன். "ரெண்டு மணி நேரமா?" என்று அவன் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்கு இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பு கிடையாது. 2007-இல்தான் ஹைதராபாத்தில் நம் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. அலை வந்த அதே நாள் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்கிற பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி, கடல் நுரைத்து வந்த விதத்தைப் பார்த்து, இரண்டு வாரம் முன்னால் புவியியல் வகுப்பில் படித்தது இதுதான் என்று அடம்பிடித்துச் சொல்லி, கடற்கரையில் இருந்த சுமார் நூறு பேரை வெளியேற வைத்தாள். பத்து வயசு! இரண்டு வாரத்துக்கு முந்தின பாடம்! அதைச் சொன்னபோது என் தொண்டை அடைத்துக்கொண்டது, பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

நேரம் மட்டும் போதவில்லை. தட்டுகள் ஏன் நகர்கின்றன என்பதற்கு மேஜையிலிருந்து பாதி தொங்குகிற ஈரத்துண்டு தன் கனத்தில் மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு விழுவதை அவசர அவசரமாகத்தான் காட்ட முடிந்தது. கனத்துப்போன தட்டின் நுனி புதையும்போது பின்னால் இருப்பதையும் இழுக்கிறது, அதுதான் பெரிய விசை. அதற்கே தனியாக ஒரு நாள் வேண்டும்.

துண்டை மடித்துக்கொண்டிருந்தபோது கோட்டைக் கண்டுபிடித்த அந்தப் பெண் வந்து விரல்களை நீட்டினாள். ஆடிப்பெருக்குக்கு வைத்த மருதாணி. நகம் வளர்ந்து, சிவப்பு முன்னால் தள்ளிப் போய், அடியில் வெள்ளை. இந்தியத் தட்டு வருஷத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகர்கிறது, ஏறக்குறைய நகம் வளர்கிற வேகம் என்று முதல் நாள் சொல்லியிருந்தேன். ஸ்கேலை வைத்து அளந்திருக்கிறாள். 5 மில்லிமீட்டர். "ஆறு வாரம் ஆச்சு சார். அப்ப இந்தியா எவ்வளவு போயிருக்கும்?" இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கிட்டத்தட்ட 6. "நகத்தைவிட ஒரு மில்லிமீட்டர் முந்திருச்சு!" என்று ஓடினாள். நான் வாசலுக்கு வந்து பார்க்கும்போது வேப்பமரத்தடியில் அவளைச் சுற்றிக் கூட்டம். மருதாணி விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நீலப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு, "இதுவரைக்கும் இந்தியா வந்தாச்சு" என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.